குணமண்ணை சுமந்த என் சுவரொட்டி

குணமண்ணை இறந்துபோன செய்தியை எனக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. கொக்குவிலில் ஒரு மதிலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான் சொன்னது. அதையும் நான் உடனே வாசிக்கவில்லை. கறுப்புக் கரை, நடுவில் முட்டை வடிவத்துக்குள் ஒரு முகம், கீழே பொடி எழுத்துகள். இந்தக் காலத்தில் எங்கள் மதில்களில் அதைத் தவிர வேறென்ன இருக்கிறது? நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் அந்த முகத்தின் மூக்குக்கண்ணாடி மனதில் தட்டியது. இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்து வாசித்தேன். புத்தூரைச் சேர்ந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குணரத்தினம். மாரடைப்பு. கிரியைகள் முந்தநாளே முடிந்துவிட்டன.

அன்று பின்னேரமே புத்தூருக்குப் போனேன். அவருடைய மனைவி பரிமளம் அக்கா என்னைக் கண்டதும், தான் ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போலச் சொன்னார்: "உங்களுக்கு ஆளனுப்பச் சொன்னனான் மாஸ்ரர். ஒருதரும் அந்தப் பக்கம் போகேல்லை." பிறகு, முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவு மலர் அடிக்கப் போவதாகவும், அதில் நான் எழுத வேண்டும் என்றும் கேட்டார். "உங்களிலை அவருக்குச் சரியான மதிப்பு. நாலு பக்கம் எழுதித் தாங்கோ." நான் தலையாட்டினேன். முற்றத்துக் கொட்டகைக்குள் இருந்த இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஆர், உந்தச் செத்தவீட்டு நோட்டீஸ் குணரத்தினத்தாரோ? பாவம், நல்ல மனுசன். அந்த ஒரு விசயத்திலைதான் ஆளுக்கு மூளை வேலை செய்யேல்லை." நான் அக்கா தந்த தேநீரைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

நல்ல மனுசன் என்பது சரி. மற்றது பொய். அந்த நோட்டீஸைச் செய்தவன் நான். நான்கு வருடமாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரியும் அந்தப் பழி என்னுடையது. அவர் உயிரோடு இருந்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த மலரின் பக்கங்களை அவருடைய அருமை பெருமைகளைச் சொல்லத்தான் தந்திருக்கிறார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் நான் அவரைப் புகழ்ந்தால், அதைவிட வெட்கக்கேடு வேறு இருக்காது. பரிமளம் அக்கா என்னை மன்னிக்க வேண்டும்.

அவரை உங்களுக்குத் தெரியும். கலியாணவீட்டுக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்க முதல் கிணற்றை எட்டிப் பார்க்கிற மனிதர். பந்தியில் இருந்துகொண்டே, "உது கொதிச்ச தண்ணியோ, அள்ளின தண்ணியோ?" என்று சத்தமாகக் கேட்டுப் பெண்வீட்டாரைத் திகைக்கவைப்பார். காக்கிக் காற்சட்டை, பின் கரியரில் குளோரின் தூள் வாளி, சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து நான் கப்பலில் வந்து இறங்கியபோது, என்னிடம் இருந்தவை மரம் செதுக்கும் உளிகளும் ஒரு பெரிய தலைக்கனமும்தான். பாடசாலையில் சித்திரம் படிப்பித்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் பலகையில் படம் வெட்டி மை பூசித் தாளில் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்படிச் செய்பவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒரு விதத்தில் அது உண்மையும்கூட.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையால் வலிகாமம் வடக்கிலிருந்து சனங்கள் உடுத்த உடுப்போடு வந்து கோப்பாய்ப் பக்கத்துப் பாடசாலைகளில் தங்கினார்கள். வந்து சில நாட்களிலேயே வயிற்றோட்டம் பரவத் தொடங்கியது. அப்போதுதான் குணமண்ணை முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தார். "ஐசே, நீர்தானே பலகையிலை படம் வெட்டுற மாஸ்ரர்?" என்றார். ஒரு பாடசாலை முகாமில் குசினிக்குப் பின்னால் பெரிய கிடாரம் வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவிட ஒழுங்கு செய்திருந்தார். விறகும் எப்படியோ பிடித்துவிட்டார். சனம் கிணற்றில் அள்ளிக் குடிக்காமல் அங்கே வந்து எடுக்க வேண்டும். அன்றைக்கு இருக்கிறவர்களுக்கு அவர் வாயால் சொல்லிவிடுவார். ஆனால் தினமும் புதுச் சனம் வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பார்க்க வேறு முகாம்களும் இருந்தன. "நான் இல்லாத நேரத்திலை எனக்குப் பதிலா நிண்டு கதைக்கிறதுதான் நோட்டீஸ். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்," என்றார். கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாளைத் தந்தார். அதில், "குடிக்கிற தண்ணி கிடாரத்தில். கிணற்றுத் தண்ணி குளிக்க மட்டும்," என்று எழுதியிருந்தது.

அந்த வசனத்தைப் பார்த்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இதை எழுதவா நான் கொழும்பு போய்ப் படித்தேன் என்று நினைத்தேன். அவர் போன பிறகு நானே ஒன்றை யோசித்தேன். கிணற்றின் வாயை மேலிருந்து பார்ப்பது போல நீள்வட்டம். உள்ளே தண்ணீரில் தெரியும் ஒரு குழந்தையின் முகம். சுற்றிவர இருட்டு, அதாவது தடித்த கறுப்புக் கரை. கீழே மெல்லிய எழுத்தில் நானே கட்டிய ஒரு வரி: "தாகத்தின் அடியில் யார் காத்திருக்கிறார்?" பலகையை வெட்டி முடித்து முதல் தாளை உரித்தெடுத்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கும் சொல்வேன், அது மோசமான படம் இல்லை. என் வாழ்க்கையில் நான் வெட்டிய நல்ல படங்களில் அது ஒன்று. எனக்குக் கூச்சத்தைக் கூட்டுவதும் அதுதான்.

குணமண்ணை அந்த முதல் தாளை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு ஐசே," என்றார். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்து கொப்பியைத் திறந்து காட்டினார். கிணற்றடியில் நின்று, தண்ணீர் அள்ள வந்தவர்களிடம் படத்தைக் காட்டி, இதில் என்ன சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதியும் வைத்திருந்தார். "ஆரோ பிள்ளை செத்துப்போச்சு." "ஆற்றை பிள்ளை எண்டு தெரியேல்லை." "அந்தியேட்டி நோட்டீஸ்." "பேரைப் போட மறந்துபோனாங்கள்." இப்படி ஒரு பக்கம் முழுக்க.

"ஐசே, உது செத்தவீட்டு நோட்டீஸ் மாதிரியெல்லோ கிடக்குது," என்றார். உண்மையில் அப்படித்தான் இருந்தது. கறுப்புக் கரை, முட்டை வடிவம், முகம், கீழே வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்த எவனும் கண்ணைக் கட்டிக்கொண்டே சொல்லிவிடுவான். சித்திர மாஸ்ரருக்கு மட்டும் தெரியவில்லை. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணை, சனத்துக்குப் படம் பார்க்கத் தெரியாட்டில் அது படத்தின்ரை குற்றமில்லை. நீங்கள் கிணத்தைப் பாருங்கோ, நான் படத்தைப் பாக்கிறன்." அவர் கோபப்படவில்லை. நோட்டீஸ் அடிக்கவென்று ஒரு தொண்டு நிறுவனம் தந்த தாள் முழுவதும் என்னிடம் இருந்தது. வேறு தாளுக்கு அப்போது எங்கே போவது? அதனால் ஒன்றே ஒன்று கேட்டார். "படம் கிடக்கட்டும். அந்தக் கவிதை வரியை எடுத்துப்போட்டு, நான் தந்த வசனத்தைப் பெரிசா வெட்டிப் போடும். தூரத்திலை நிண்டு வாசிக்கிற மாதிரி." நான் ஓம் என்றேன். வாக்குக் கொடுத்தேன் என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

நான் வெட்டவில்லை. இரண்டு தடவை பென்சிலால் எழுதிப் பார்த்தேன். பெரிய எழுத்து வந்தால் படத்தின் கழுத்தை நெரித்தது போல இருந்தது. அழித்துவிட்டேன். என் வரியை அப்படியே விட்டு, கட்டு முழுவதையும் அடித்து, கயிற்றால் கட்டி, அவர் வெளியில் திரியும் நேரம் பார்த்துச் சுகாதாரப் பணிமனையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அந்த நேரத்தில் போனேன். வேலை மறதியில் நடந்த பிழை என்று இதை எழுதலாம் என்று நேற்று வரை நினைத்தேன். அப்படி இல்லை.

இரண்டு நாள் கழித்து, என் படம் மதிலில் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டு முகாமுக்குப் போனேன். வாசல் மதிலில், வகுப்பறைச் சுவரில், கிணற்றடியில் எல்லாம் ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது இரத்தம் கொதித்தது. ஒவ்வொரு தாளின் அடியிலும் நீலப் பேனையால், கோணல் எழுத்தில், "குடிக்கிற தண்ணி கிடாரத்தில்," என்று எழுதியிருந்தது. அவ்வளவு தாளிலும் அவரே இருந்து எழுதியிருக்கிறார். இரண்டு முழத்துக்கு அப்பால் அது கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் செய்திருக்கிறார். எனக்கு அது விளங்கவில்லை. அவர் குசினிப் பக்கத்தில் சனத்தோடு நின்றார். அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன்: "என்ரை படத்திலை பேனையாலை கிறுக்க ஆர் உங்களுக்கு உரிமை தந்தது? தகரத்துக்குப் பெயின்ற் அடிக்கிற ஆளெண்டோ என்னை நினைச்சனீங்கள்?" அவர் சொன்னது ஒன்றுதான். "பின்னேரம் நாலு மணியாகுது மாஸ்ரர். கிடாரத்தைப் பாரும்." மூடியைத் திறந்து காட்டினார். காலையில் கொதிக்கவைத்த தண்ணீர், கழுத்து வரை, அப்படியே இருந்தது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசல் மதிலில் ஒரு பெண் என் படத்தின் அடியில் செம்பரத்தம்பூ ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண்குழந்தை, காலடியில் கிணற்றுத் தண்ணீர்க் குடம். என்னைப் பார்த்து, "அண்ணை, ஆற்றை பிள்ளை இது? பேர் போடேல்லையே?" என்று கேட்டாள். ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். இது செத்தவீட்டு நோட்டீஸ் இல்லைப் பிள்ளை, குடிக்கிற தண்ணியைக் கிடாரத்தில் எடு என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன். என் படத்துக்குப் பூ வைத்து அவமானப்படுத்துகிறாளே என்று எனக்குக் கோபம். அவள் பெயர் புவனேஸ்வரி. கீரிமலைப் பக்கத்திலிருந்து அதற்கு முதல்நாள்தான் வந்தவள். ஐந்தாம் நாள் அந்தக் குழந்தை வயிற்றோட்டத்தால் இறந்துபோனது.

நோட்டீஸ் ஒழுங்காக இருந்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வரும்போதே நோயோடு வந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நான் எனக்குப் பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நான் கத்திவிட்டுப் போன மறுநாள் காலையிலேயே குணமண்ணை என் தாள்களை உரித்துவிட்டு, சுண்ணாம்பும் கரியும் கரைத்து, கூட்டுகிற தும்புத்தடியால் பாடசாலைச் சுவரில் தன் வசனத்தை ஆள் உயரத்துக்கு எழுதினார். பக்கத்தில் ஒரு கிடாரமும் கீறினார், ஓர் அம்புக்குறியும் போட்டார். கிடாரம் கவிழ்த்த தொப்பி போல இருந்தது. பிள்ளைகள் கூடி நின்று, "ஐயா, உதென்ன தொப்பியோ?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். "தொப்பிக்குள்ளைதான் தண்ணி, போய்ப் பாருங்கோ," என்றாராம். அன்று பின்னேரம் இரண்டாவது தடவை தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டியிருந்தது. இதைக் கேள்விப்பட்டு நான் மனம் திருந்தினேன் என்று நினைக்காதீர்கள். எங்கள் கலை வட்டத்துக் கூட்டத்தில் அந்தத் தொப்பியைக் கரும்பலகையில் கீறிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தோம். புவனேஸ்வரியின் பிள்ளை அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தது.

பிள்ளை இறந்த பிறகு பணிமனையில் விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேசையில் என் படம் ஒன்று விரித்திருந்தது. மேலதிகாரி அதைத் தட்டிக்கொண்டு கேட்டார்: "முகாமுக்குள்ளை உந்தச் செத்தவீட்டு நோட்டீஸை ஒட்டச் சொல்லி ஆர் சொன்னது? ஆற்றை யோசனை உது?" பக்கத்துக் கதிரையில் இருந்த குணமண்ணை எழுந்து நின்றார். "நான்தான் சேர். கறுப்புக் கரை போடச் சொன்னதும் நான்தான். மாஸ்ரர் நான் சொன்னதைத்தான் வெட்டினவர்." அவர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய பையில் அந்தக் கொப்பி இருந்தது. சனம் சொன்னதெல்லாம் அதில் எழுதியிருந்தது. அதை எடுத்து மேசையில் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் நகத்துக்குள் இருந்த கறுப்பு மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை, கேள்வி கேட்டேன். "உம்மைப் பேசினால் இனி ஒரு சித்திரகாரனும் எங்கடை பக்கம் வரமாட்டான் ஐசே. எங்களுக்குப் படம் கீறுற ஆக்கள் வேணும். எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம்," என்றார். பிறகு, "அடுத்த முறை எழுத்தைப் பெரிசாப் போடும்," என்று சேர்த்துக்கொண்டார். அந்த மாதமே அவரைத் தென்மராட்சிக் கோடிக்கு மாற்றினார்கள். புத்தூரிலிருந்து தினமும் சைக்கிளில் போய்வந்தார். இதயம் பலவீனமான மனிதர் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. செத்தவீட்டு நோட்டீஸ் என்ற பட்டப்பெயர் அவருக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த முறை என்று அவர் சொன்னாரே, அந்த அடுத்த முறையும் வரவில்லை. அவர் இரண்டு தடவை ஆள் விட்டுக் கேட்டும், நேரமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அதே படத்தைச் சட்டம் போட்டு ஒரு கண்காட்சியில் வைத்தேன். இடம்பெயர்ந்த மக்களின் துயரத்தைச் சொல்லும் படம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பாராட்டுக் கூட்டத்தில் மாலைகூடப் போட்டார்கள். கடைசி நாள் குணமண்ணை காக்கிக் காற்சட்டையோடு வேலையால் நேரே வந்தார். மற்றப் படங்களைப் பார்க்கவில்லை. அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். எல்லோருக்கும் முன்னால் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இஞ்சை சரியாயிருக்கு ஐசே," என்றார். அதில் குத்தல் இல்லை. மனதில் பட்டதைச் சொன்னார். மதிலில் நின்று கதைக்க வேண்டியது ஒன்று, சட்டத்துக்குள் தொங்க வேண்டியது இன்னொன்று என்று நான் புத்தகம் புத்தகமாகப் படித்தும் பிடிபடாத விசயம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்தது என்று அவர் நினைக்கவும் இல்லை. தாழ்த்தியவன் நான்.

இதை எழுதத் தொடங்க முதல், போன கிழமை புவனேஸ்வரியைத் தேடிப் போனேன். இன்னமும் ஊருக்குத் திரும்பவில்லை. கோப்பாயில் யாருடையதோ காணியில் ஓலைக் கொட்டில் போட்டு இருக்கிறாள். அவளுக்கு என்னை நினைவில்லை. படத்தை வெட்டியவன் நான், வசனத்தை விட்டவன் நான், அவள் கேட்டபோது பதில் சொல்லாமல் போனவனும் நான் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, அந்த ஐயா பிள்ளையின்ரை எட்டாம் நாளுக்கு வந்தவர்," என்றாள். "தன்ரை பிழை எண்டு சொல்லி, வெறும் நிலத்திலை குந்தியிருந்து அழுதவர். எனக்கு முதலிலை அவரைப் பார்க்க ஏலாமல்தான் கிடந்தது. பிறகும் பிறகும் வந்தார். ஒரு வரியத்துக்குப் பிறகு ஒருநாள், போகட்டும் ஐயா, இனி அழாதேங்கோ எண்டு சொல்லித் தேத்தண்ணி குடுத்தன். அதைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." குனிந்து அடுப்பை ஒருதரம் ஊதினாள். பிறகு சொன்னாள்: "இப்ப நீங்கள் வந்து நிக்கிறியள். திரும்ப ஒருக்கால் அதைச் சொல்ல என்னாலை ஏலாது அண்ணை. போயிட்டு வாங்கோ."

குணமண்ணையை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நினைவுக்கென்று அவருடைய கொப்பியோ சைக்கிளோ எனக்கு வேண்டாம். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பழியை. அது தொடக்கத்திலிருந்தே என்னுடையது. இனி அதை என் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். அவரை விட்டுவிடுங்கள்.